சி.பி.சி. அறிக்கையில் இன்னொரு வரி

ஆசிரியருக்கு,

2021 கரோனா இரண்டாம் அலையில் சி.டி. ஸ்கேனுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். டி-டைமர், ஐஎல்-6 ரத்தப் பரிசோதனைகள் என்று ஆயிரக்கணக்கில் செலவும் செய்தார்கள். அவர்களில் பலர் கையில் சில நூறு ரூபாய்க்கு எடுத்த சி.பி.சி. (முழு ரத்த அணு எண்ணிக்கை) அறிக்கையும் இருந்தது. அதில் பிளேட்லெட்டைத் தவிர வேறெதையும் பலர் பார்க்கவில்லை (டெங்கு ஏற்படுத்திய பழக்கம்!).

அதே தாளில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்ற இரு வகை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கைகள் உண்டு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் விகிதம், ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும். கரோனா தீவிரமாகும்போது லிம்போசைட் சரிந்து நியூட்ரோஃபில் ஏறுவதால் விகிதம் எகிறும். தீவிர நோயாளிகளிடம் லிம்போசைட் குறைந்திருந்ததை 2020 தொடக்கத்திலேயே வூகான் மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள்.

இதை மட்டும் வைத்து யாரும் பதற வேண்டாம். ஸ்டீராய்டு எடுத்தாலும், பாக்டீரியா தொற்று இருந்தாலும் விகிதம் கூடும். சிறு குழந்தைகளுக்கு இயல்பிலேயே லிம்போசைட் அதிகம். பெரியவர்களின் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. ஆக்ஸிஜன் அளவு, மூச்சு வேகம், வயது, சர்க்கரை நோய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

சில தனியார் ஆய்வகங்கள் இந்த விகிதத்தை ஏற்கெனவே அச்சிடுகின்றன. எல்லா அரசு ஆய்வகங்களும் அப்படிச் செய்யச் சுகாதாரத் துறை உத்தரவிடலாமே? கூடுதல் ரத்தமோ ரீஏஜென்டோ (பரிசோதனை ரசாயனம்) தேவையில்லை, ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

– ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர், தஞ்சாவூர்