டப்பாவின் சாவி

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். நாங்கள் இரண்டு பேரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னது என் மனதைவிட்டுப் போகவில்லை. நீ குருவானவராக இருக்கும் ஓசூர் சபையில் ஆராதனைக்கு 120 பேர் வருகிறார்கள், ஆசீர்வாதம் கூறிய ஐந்தாவது நிமிடம் வாசலில் ஒரு செருப்புகூட மிச்சமில்லை என்றாய். கிடார் வாங்கிப் பார்த்துவிட்டாய், பாட்டைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டாய், பிரசங்கத்தை 20 நிமிடமாகக் குறைத்தும் பார்த்துவிட்டாய். "அதே பையன்களைக் கட்சிக்காரங்க கூப்பிட்டா, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்தும் தூங்காமப் போய்ப் போஸ்டர் ஒட்டுறாங்கம்மா. இங்க ஒரு பெஞ்சை நகர்த்த ஆளில்ல" என்று சொல்லும்போது உன் குரல் கம்மிவிட்டது. போனில் எனக்குப் பதில் வரவில்லை. பேனாவைப் பிடித்தால்தான் எனக்கு யோசனை ஓடும், அது உனக்கே தெரியும்.

தம்பி, உன் கேள்விக்குள்ளேயே பதில் கிடக்கிறது. கட்சிக்காரர் அந்தப் பையன் கையில் பசை வாளியைக் கொடுத்தார். நீ அவனுக்கு உட்கார இடம் கொடுத்தாய். இவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், இதை நான் பன்னிரண்டு வயதில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கோயிலுக்கு வராதவர், செங்கொடிக்காரர், கம்யூனிஸ்ட் என்பதுதான். ஆனால் நம் ஊர்ப் பீடித் தொழிலாளர் சங்கத்தை அவர் எப்படிக் கட்டினார் என்பதை நீ கேட்டதில்லை. அப்போது நம் தெருவில் பாதி வீடுகளில் பெண்களின் மடியில் சொளகு இருக்கும். நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆயிரம் சுருட்டிக்கொண்டு போனால், கடைக்காரர் அதில் நூறு, நூற்றைம்பதைக் கழிவு என்று ஒதுக்குவார். ஒதுக்கியதைத் திருப்பியும் கொடுக்க மாட்டார். யாரும் வாய் திறந்ததில்லை.

மாமா வந்து முதலில் மேடை போட்டுப் பேசவில்லை. கிழக்குத் தெருப் பெரியம்மா வீட்டுக்குப் போனார். அவள் சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். கோயிலில் இருபது வருடமாகக் கடைசித் தூணோரம்தான் அவளுக்கு இடம். எத்தனையோ குருவானவர்கள் வந்து போனார்கள், எல்லாரும் அவளைப் பார்த்து "ஜெபம் பண்ணும்மா" என்றிருப்பார்கள். அவளால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது என்று ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. மாமா ஒரு தகர டப்பாவை அவள் முன்னால் வைத்தார். மூடியில் சின்னப் பூட்டு.

"மதினி, வாரச் சந்தா அஞ்சு பைசாவ இதுல போடச் சொல்லிருக்கேன். டப்பா உங்க வீட்ல இருக்கட்டும். சாவியும் உங்கட்டயே இருக்கட்டும்."

"ஏய்யா, எனக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதே. துட்டு எண்ணத் தெரியும், அம்புட்டுத்தான்."

"அது போதும். எழுதுறதுக்கு இவ இருக்கா" என்று என் தலையைத் தொட்டார்.

அவள் அந்தச் சாவியை முந்தானையில் முடிந்ததை இன்றைக்கும் பார்க்கிறேன். இரண்டு முடிச்சு போட்டு, இழுத்துப் பார்த்து, மூன்றாவதாக இன்னொன்றும் போட்டாள். அடுத்த வருடம் கழிவுக்கு எதிராகப் பெண்கள் கடைவாசலில் போய் உட்கார்ந்தபோது முன்னால் நின்றவள் அவள்தான். "கழிவுன்னா எங்கட்டத் திருப்பிக் குடுங்க. இல்லன்னா கணக்குல சேருங்க." கடைசித் தூணோரத்திலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை.

அவளுக்கு மூலதனமும் தெரியாது, முதலாளித்துவமும் தெரியாது. கொள்கை பிடித்துப்போய் வேலைக்கு வந்தவள் இல்லை அவள். வேலையைக் கையில் வாங்கினாள், அது அவளைக் கொள்கைக்குக் கூட்டிக்கொண்டு போனது. நம் சபைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் விசுவாசம் வளரட்டும், பிறகு பொறுப்பு கொடுக்கலாம் என்று காத்திருக்கிறோம். நீ ஒவ்வொரு நற்கருணையிலும் வாசிக்கிற வசனத்தைப் பார். "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்." செய்யச் சொல்லித்தான் நினைக்க வைத்தார் நம் ஆண்டவர்.

எனக்குக் கிடைத்த வேலை இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பீடி சுருட்டுகிற பெண்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட வேண்டும். 1968 கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். வீட்டுவாசலில் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் வாசித்தது கீழ்வெண்மணி கிராமத்துச் செய்தி. டிசம்பர் 25 ராத்திரி, கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மாட்டோம் என்றதற்காக, குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரைத் தீ வைத்துக் கொன்றுவிட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வாசிக்க வாசிக்கக் கத்தரிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நான் அழுதுவிட்டேன். பெரியம்மா, "நிறுத்தாதட்டி, முழுசும் வாசி" என்றாள்.

குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களைப் பின்னால் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. ஆனால் வெண்மணியை மாமாவின் கட்சிக்காரர்கள் விடவில்லை. ஒவ்வொரு டிசம்பர் 25-ம் தேதியும் அந்த நினைவிடத்தில் கூடுகிறார்கள். மாமாவும் போவார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறுவார். ஒரு வருடம் எனக்குக் கோபம் வந்து, "பண்டிகை அன்னிக்குமா போணும்? யார் காத்துக்கிட்டிருக்கா அங்க?" என்று கேட்டேன். "நாப்பத்துநாலு பேரு" என்றார். எனக்கு மேலே பேச வாய் வரவில்லை. நாமும் நம் மரித்தோரை நினைக்கிறோம், கல்லறைக்குப் போய் வெள்ளையடித்து மெழுகுவர்த்தி வைக்கிறோம். ஆனால் அவர்கள் விட்டுப்போன வேலை எது, அதில் என் பங்கு எது என்று அங்கே நின்று யாராவது கேட்கிறோமா?

நம்மிடம் இல்லாததை அவர்களிடம் போய் வாங்கச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நம்மிடம் இருந்ததுதான் இது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்கவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதற்குச் செயலாளர். அவர்தான் 1912-ல் தோர்ணக்கல்லுக்குப் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். நிஜாம் ஆண்ட ஹைதராபாத் நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் செலவை இங்கிருந்த பனையேறிகளும் வயல்காரர்களும் சுமந்தார்கள். நம் கிராமங்களில் அதற்குக் கைகொடுத்தது பிடி அரிசி. உன் ஆச்சி உலை வைக்கும்போது அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அடுப்பங்கரைக் கலயத்தில் போடுவாள். வீட்டில் அரைவயிறு என்றாலும் அந்தப் பிடி போகும். சனிக்கிழமை நாங்கள் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பையில் வாங்கி வருவோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில்வாசலில் ஏலம். அந்தச் சமயம் ஆச்சியைப் பார்க்க வேண்டும் நீ. ஆந்திராவில் யாரோ ஒருவர் தன் அரிசியால்தான் சாப்பிடுகிறார் என்ற நினைப்பே அவளை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

பிறகு காணிக்கைக் கவர் வந்தது. இப்போது ஜிபே வந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கை போய்த் தொட்ட காரியம், மாதம் ஒரு தரம் விரல் தொடுகிற காரியமாகிவிட்டது. மிசோரமில் 1910-ல் தொடங்கிய 'புஃபாய் தாம்' என்பதும் இதே பிடி அரிசிதான். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இன்னும் அதை விடவில்லை. கோடிக்கணக்கில் சேர்கிறது என்கிறார்கள். பணத்தைவிட, ஒவ்வொரு அடுப்பங்கரையும் சபையின் அலுவலகமாக இருப்பதுதான் என்னைத் தொட்டது.

கேட்பதிலும் ஒரு அளவு வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். 1924-ல் பெல்காம் மாநாட்டை ஒட்டி, காங்கிரஸ் உறுப்பினர் மாதம் 2,000 கஜம் கையால் நூற்ற நூல் தர வேண்டும் என்று விதி வந்தது. காந்தியே தலைவர். அப்படியிருந்தும் அடுத்த ஆண்டே, நூல் முடியாவிட்டால் நாலணா கொடுக்கலாம் என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு பிடி அரிசி எந்த ஏழைக்கும் முடியும். 2,000 கஜம் எல்லாராலும் முடியாது. உன் பையன்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். சின்னதாகக் கேள், ஆனால் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேள்.

சங்கக் கூட்டத்தில் இன்னொரு பழக்கம் இருந்தது. எடுத்த எடுப்பில், "போன வாரம் எடுத்த வேலை என்னாச்சு?" என்று வரிசையாகக் கேட்பார்கள். திட்ட மாட்டார்கள். ஆனால் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். மாமாவே ஒரு தரம் "மறந்துட்டேன் தோழர்களே, என் தப்பு" என்று நின்றதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு குருவானவர் சபைக்கு முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. நீ நிற்பாய் என்று நம்புகிறேன்.

அவர்களிடமிருந்து எடுக்கக் கூடாததும் உண்டு. 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது மாமாவும் அவருடைய உயிர்ச் சிநேகிதரும் இரண்டு பக்கமாகப் போனார்கள். ஒரே தெருவில் பதினொரு வருடம் முகம் பார்க்காமல் நடந்தார்கள். எதிரி என்று ஒருவன் இருந்தால்தான் கூட்டம் சேரும் என்ற நிலை வந்துவிட்டால், எதிரி தீர்ந்த பிறகு சொந்தக்காரனே எதிரியாகிவிடுகிறான். துக்கம் என்னவென்றால், சபைகள் கட்சிகளிடம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இதைத்தான். அணி கட்டுவது, ஓட்டுப் பிடிப்பது, தோற்றால் கோர்ட்டுக்குப் போவது. நான் இருந்த ஒரு சேகரத்தில் தேர்தல் சண்டையில் கிறிஸ்துமஸ் ஆராதனையே இரண்டு இடத்தில் நடந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை உனக்கு ஞாபகம் இருக்கலாம், நீ எட்டாம் வகுப்பு.

கடைசியாக ஒன்று. இதை எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார் அல்லவா. தோழர்கள் முதலில் அடிக்கடி வந்தார்கள், பிறகு மே தினத்துக்கு வந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஓடுகிற வண்டி, இறங்கியவனுக்காக நிற்க முடியாது. அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தது, உடம்பு துடைத்தது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்தது எல்லாம் நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள்தான். முப்பது வருடமாகக் கோயில் படி மிதிக்காத மனிதர். எதற்கும் பயன்படாத ஒருவரை அணைத்துக்கொள்ளும் மனது அவர்களுக்குச் சபை கொடுத்தது. ஆனால் ஒரு நாள்கூடத் தவறாமல் அது நடந்தது எப்படி தெரியுமா? 40 பக்க நோட்டில் முறை போட்டிருந்தார்கள். திங்கள் யார், செவ்வாய் யார், வராவிட்டால் மாற்று யார், எல்லாம் பேரோடு. வியாழன் சாயங்காலம் கூடி, "உன் முறை என்னாச்சு?" என்று கேட்டுக்கொள்வார்கள். அந்த நோட்டை எழுதியது கிழக்குத் தெருப் பெரியம்மாவின் மகள். மாமா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வாய் கோணிப்போன அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. "நம்ம... சங்க... நோட்டு" என்றார். அவருக்கு அது போதுமாயிருந்தது.

நீ போன மாதம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாய். தையல் கடையில் வேலை, ஞாயிறுதோறும் கதவோரம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறாள், கணக்கில் கெட்டிக்காரி என்றாய். வருகிற மாதம் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீதபவனி தொடங்கிவிடும். ஓசூர் குளிரில் எத்தனை வீடு, எந்தத் தெரு, யார் விளக்குப் பிடிப்பது, யார் உண்டியல் எடுப்பது என்று நீயே உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். பேப்பரைக் கீழே வை. அவளைக் கூப்பிட்டு ரசீதுப் புத்தகத்தையும் உண்டியல் சாவியையும் கொடு. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

உன் அன்பு அம்மா