மகளுக்கு, புவாசோன் செயன்முறை பற்றி

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். உன் நலத்தை அறிய ஆவல். சித்திரைக்குப் பிறகு நீ அனுப்பிய ஒரே குறுஞ்செய்தியில், "என்னுடைய அழைப்புகள் புவாசோன் செயன்முறை, அம்மா, அதற்கு ஞாபகம் கிடையாது, ஆகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். அப்பா வாசித்துச் சிரித்தார். காலமெல்லாம் கணிதம் படிப்பித்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கைக் கொண்டு பதில் சொன்னவளுக்குக் கணக்கைக் கொண்டே பதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

நீ சொன்னதில் பாதி சரி. புவாசோன் செயன்முறை என்பது தற்செயலாக வந்துகொண்டிருக்கும் நிகழ்வுகளுக்கான கணித மாதிரி. அதில் ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேரம், நீண்ட இடைவெளிகள் மேலும் மேலும் அரிதாகும் அடுக்குக்குறிப் பரம்பலைப் பின்பற்றும். தொடர்ச்சியான பரம்பல்களுள் ஞாபகமின்மை என்ற இயல்பு அதற்கு மட்டுமே உண்டு. நெடுநாள் காத்திருந்தவளுக்கும் இப்போதுதான் கதிரையில் வந்து அமர்ந்தவளுக்கும் இனிக் காத்திருக்க வேண்டிய நேரத்தின் இடை, அதாவது சராசரி, ஒன்றேதான். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதற்கு ஒரு செயன்முறை சில நிபந்தனைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதை நீ மறந்துவிட்டாய். ஒன்றன்மேல் ஒன்று படியாத நேர ஆயிடைகளில் நிகழ்வனவற்றின் எண்ணிக்கைகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். வீதம் மாறாதிருக்க வேண்டும். ஒரே கணத்தில் இரண்டு நிகழ்வுகள் வரக்கூடாது. மூன்றாவது நிபந்தனையில் நீ தாராளமாகத் தேறிவிடுவாய்.

தொலைபேசி அழைப்புகளுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங். அவருடைய கட்டுரை வெளிவந்த ஆண்டு 1909. அங்கே அழைத்தவர்கள் ஒரு நகரத்து மக்கள். ஒருவர் எப்போது பேசுவார் என்பது மற்றவரைச் சாராது, ஒவ்வொருவரும் அரிதாகவே அழைப்பார், எல்லோரையும் ஒன்றாகக் கூட்டும்போது தனி மனிதரின் மனநிலைகள் ஒன்றையொன்று கரைத்துக்கொண்டு புவாசோன் மட்டும் எஞ்சும். ஒரு நகரத்துக்குப் பொருந்துவது ஒரு மகளுக்கு எப்படிப் பொருந்தும்? நீ ரொறன்ரோவில் மற்றவர்களுக்கு இதைப் படிப்பிக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அப்படிப்பட்டவள் நிபந்தனையைப் பாராமல் முடிவை மட்டும் எடுத்து அம்மாவிடம் நீட்டலாமா?

குசினி மேசையில் உனக்குக் காட்டிய குதிரை உதைக் கணக்கு ஞாபகம் இருக்கும். 1898 இல் புள்ளிவிபரவியலாளர் போர்ட்கேவிச் வெளியிட்ட நூலில் உள்ளது. பிரசியக் குதிரைப்படையின் பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர். எனவே இடை 0.61. ஒருவரும் இறக்காத பதிவுகள் 109. புவாசோன் சூத்திரம் எதிர்பார்த்தது 108.7. எண்கள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று அளக்கும் மாறற்றிறனும் ஏறத்தாழ அதே 0.61 என்று கண்டபோது நீ கொப்பியை என்னிடமிருந்து பறித்து மறுபடியும் கணித்துப் பார்த்தாய். உனக்கு அப்போது மீசைக்காரப் போர்வீரர்கள் பாவமாக இருந்தார்கள், எனக்கு நீ கணித்த விதம் பெருமையாக இருந்தது.

இடையும் மாறற்றிறனும் சமமாக இருப்பதே புவாசோன் பரம்பலின் முதற் சோதனை. உன் அழைப்புகளை நாட்காட்டியில் குறித்து வைப்பது என் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். மாதவாரியாக எடுத்துப் பார்த்தேன். மாறற்றிறன் இடையின் பல மடங்கு. இதற்கு இரண்டு விளக்கங்கள் பொருந்தலாம். ஓர் அழைப்பு இன்னோர் அழைப்பை இழுத்துக்கொண்டு வருகிறது, அல்லது நடுவில் வீதமே மாறிவிட்டது. நாட்காட்டி இரண்டாவதையே காட்டுகிறது, மாறிய இடத்தையும் காட்டுகிறது. பெரியம்மா வீட்டில் நடந்ததை நான் இங்கே எடுக்கப்போவதில்லை.

தைப்பொங்கலை ஒட்டி அடுத்தடுத்து அழைத்துவிட்டுப் பின்பு ஓய்ந்திருந்தாயே, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எழுமாற்றாக, அதாவது தற்செயலாக, வருவன கொத்துக் கொத்தாகவே தோன்றும். இரண்டாம் உலகப் போரில் தென் இலண்டனில் விழுந்த பறக்கும் குண்டுகளை 1946 இல் கிளார்க் என்பவர் அப்படித்தான் ஆராய்ந்தார். கால் சதுரக் கிலோமீற்றர் அளவில் 576 கட்டங்கள், 537 குண்டுகள். ஒன்றும் விழாத கட்டங்கள் 229, சூத்திரம் சொன்னது ஏறக்குறைய 227. சில தெருக்களை மட்டும் எதிரி தேடி வந்து அடிக்கிறான் என்று அங்குள்ளவர்கள் எண்ணியதற்கு அந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி இங்கே விழுந்தவை வேறு வகை. யப்பானியர் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குறிவைத்தே வந்தனர், அம்மம்மா சொன்ன கதைகளை நீயும் கேட்டிருக்கிறாய். குறியில்லாமல் விழுவதும் குறிவைத்து விழுவதும் வரைபடத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம், எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். உன் மௌனம் எந்த வகை என்று நான் கேட்கவில்லை.

வீட்டுத் தொலைபேசிக்கு உன் சித்தப்பா, மாமி, அப்பாவின் பழைய அலுவலகத்து நண்பர்கள் எல்லோரும் எடுக்கிறார்கள். சாராத புவாசோன் செயன்முறைகளைக் கூட்டினால் வருவதும் புவாசோன் செயன்முறையே. அதில் ஒரு மணி உன்னுடையதாக இருப்பதற்கான நிகழ்தகவு, உன் வீதத்தை மொத்த வீதத்தால் வகுத்தால் கிடைக்கும். உன் வீதம் குறையக் குறைய அந்தப் பங்கும் குறையும். அப்பாவுக்கு இது தெரியாது. அவர் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போகிறார், முழங்கால் வலியோடு.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன ஞாபகமின்மை வீதத்தை அறிந்தவர்களுக்கே உரியது. உன் வீதம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நீ கிழமைக்கு ஒருமுறை அழைப்பவளா, எட்டுக் கிழமைக்கு ஒருமுறை அழைப்பவளா என்று எனக்குத் தெரியாமல், இரண்டுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தொடங்குகிறேன் என்று வைத்துக்கொள். அப்போது நான் எதிர்பார்க்கும் காத்திருப்பு நாலரைக் கிழமை. நான்கு கிழமை ஒன்றும் வராமற் போனால், நீ கிழமைக்கு ஒருமுறை அழைப்பவள் என்பதற்கான நிகழ்தகவு பாதியிலிருந்து நூற்றுக்கு மூன்றாக விழுந்துவிடும். இனியும் காத்திருக்க வேண்டியது ஏறத்தாழ 7.8 கிழமையாக உயர்ந்துவிடும். காத்திருந்த பின்பு காத்திருப்பு நீளுகிறது. செயன்முறைக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும், வீதம் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஞாபகம் இருந்தே தீரும். இது தாயின் பலவீனம் அல்ல, புதிதாகக் கண்டதைக் கொண்டு நிகழ்தகவைத் திருத்தும் பேய்சின் தேற்றம். நீயே தாளில் போட்டுப் பார்.

ஆகவே உன்னிடம் அழைப்பைக் கேட்கவில்லை, வீதத்தைக் கேட்கிறேன். எந்த வீதமானாலும் பரவாயில்லை, அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. குளிர் தொடங்கும் முன்பே தடித்த மேலங்கியை எடுத்து வை; நேரத்துக்குச் சாப்பிடு. மாதத்துக்கு ஒன்று என்று எழுதினாயானால், மூன்று மாதம் தொடர்ந்து ஒன்றும் வராமலிருப்பதற்கு நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு உண்டு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதுவரை நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பாவுக்கு அதை நான் விளங்கப்படுத்துகிறேன்.

அன்புடன்,
அம்மா