எஸ்தர் வில்லியம்ஸை ஒரே வரியில முடிச்சுட்டீங்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பழைய ஹாலிவுட் இசைப் படங்கள் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். ஃப்ரெட் அஸ்டேர், ஜீன் கெல்லி பத்தியெல்லாம் அவ்வளவு ரசிச்சு எழுதிட்டு, 1944ல எஸ்தர் வில்லியம்ஸ் நடிச்சு வந்த 'பாத்திங் பியூட்டி' படத்தை மட்டும் நீச்சல் உடை அழகிகள் வர்ற பொழுதுபோக்குப் படம்னு ஒரே வரியில தள்ளி விட்டுட்டீங்க, அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. தரையில ஆடுறவங்க கால் நோக ரிகர்சல் பண்ணதுக்கு ரெண்டு பத்தி, அதே வேலையைத் தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு செஞ்ச பொண்ணுக்கு அழகிங்கிற ஒரு பட்டம் மட்டும்தானா?

எஸ்தர் வில்லியம்ஸ் நடிக்கத் தெரிஞ்சு அப்புறமா நீச்சல் கத்துக்கிட்டவங்க கிடையாது சார். 1939ல அமெரிக்க தேசிய போட்டியில 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஜெயிச்சவங்க, 1940 ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டியவங்க, டோக்கியோவுல நடக்க இருந்து ஹெல்சிங்கிக்கு மாறி கடைசியில உலகப்போரால அந்த ஒலிம்பிக்ஸே நடக்காம போச்சு. அந்த ஏமாற்றத்துக்கு அப்புறம்தான் சான் பிரான்சிஸ்கோவுல பில்லி ரோஸ்ங்கிற தயாரிப்பாளர் நடத்தின அக்வாகேட்ங்கிற நீச்சல் ஷோவுல, டார்ஜானா நடிச்ச ஜானி வைஸ்முல்லர் கூட சேர்ந்து நீந்துனாங்க. அதுக்கு ஆள் எடுக்கும்போது பில்லி ரோஸ், வேகமெல்லாம் வேண்டாம் அழகா நீந்தினா போதும்னு சொன்னாராம், அதுக்கு இவங்க, வேகமா நீந்துற பலம் இல்லாதவங்களால அழகா நீந்தவும் முடியாதேன்னு பதில் சொன்னதா தன்னோட சுயசரிதையில எழுதியிருக்காங்க. நான் சொல்ல வர்றதும் இதைத்தான்.

படத்தோட கதை லேசானதுதான், அதை நான் மறுக்கல. காமெடி நடிகர் ரெட் ஸ்கெல்டன் ஒரு பாட்டு எழுதுறவர், எஸ்தர் நீச்சல் டீச்சர், ரெண்டு பேரும் கல்யாணம் பண்ற நேரத்துல பேசில் ராத்போன் சூழ்ச்சி பண்ணி பிரிச்சு விட, எஸ்தர் கோவிச்சுக்கிட்டு பெண்கள் காலேஜுக்கு வேலைக்குத் திரும்பிப் போயிடுறாங்க. ஆம்பளைங்க சேரக்கூடாதுன்னு அந்த காலேஜ் விதியில எங்கயும் எழுதலைன்னு கண்டுபிடிச்சு ஸ்கெல்டன் அங்கயே மாணவரா சேர்ந்துடுறார்! பிங்க் கலர் பாலே பாவாடையைக் கட்டிக்கிட்டு பொண்ணுங்க வரிசையில நின்னு ஆடும்போது கையில ஒரு பேப்பர் ஒட்டிக்கிட்டு போகவே மாட்டேங்குது, அதை உதறி உதறி பக்கத்துல ஆடுறவங்ககிட்ட தள்ளி விட அது திரும்பித் திரும்பி இவர்கிட்டயே வருது, டீச்சரம்மா முறைக்கிறாங்க, பாட்டு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. எத்தனை தடவை பார்த்தாலும் சிரிச்சுடுவேன். நடுவுல ஹாரி ஜேம்ஸ் ட்ரம்பெட், சேவியர் குகாட் குழு, எத்தல் ஸ்மித் ஆர்கன்ல வாசிக்கிற 'டிகோ டிகோ', இசைக்கும் குறைவே இல்ல.

ஆனா இந்தப் படத்துக்கு முதல்ல வச்ச பேர் 'மிஸ்டர் கோ எட்', பொண்ணுங்களோட படிக்க வந்த ஆம்பளைன்னு கிண்டலாச் சொல்ற பேர், அதாவது ஸ்கெல்டனை நம்பி எடுத்த படம். எஸ்தரைத் திரையில பார்த்த பிறகுதான் பேரையே மாத்தினாங்க. அந்த அளவுக்கு வேலை செஞ்சது கடைசியில வர்ற வாட்டர் பாலே, அதாவது பாட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணிக்குள்ள நீந்தி ஆடுற நடனம். படத்தை எடுத்த எம்ஜிஎம் ஸ்டுடியோவுல ஸ்டேஜ் 30ங்கிற படப்பிடிப்புத் தளத்துல பக்கத்துக்கு 90 அடி இருக்குற குளத்தை இதுக்காகவே கட்டினாங்க, அக்வாகேட்ல அனுபவப்பட்ட ஜான் முர்ரே ஆண்டர்சன் அந்தக் காட்சியை அமைச்சார்.

தயவுசெஞ்சு அந்தக் காட்சியை இன்னொரு தடவை எஸ்தரோட முகத்தை மட்டும் கவனிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கிற பொண்ணுங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா டைவ் அடிக்க, நடுவுல இவங்க நீந்திப் போறாங்க. போட்டியில நீந்துறவங்க தலையைத் தண்ணிக்குள்ள வச்சுதான் நீந்துவாங்க, அதுதான் உடம்புக்கு சுலபம். இவங்களுக்கு கேமராவுல முகம் தெரியணுமே, அதனால தலையும் தோளும் மேலேயே நிக்குது, தலை மேல தூக்கினா இடுப்பு கீழ இறங்கப் பார்க்கும், அதை இறங்க விடாம கால் அடியில விடாம உதைச்சுக்கிட்டே இருக்கணும், அதை யாரும் பார்க்க மாட்டாங்க. கழுத்தும் முதுகும் என்ன பாடு படும்னு ஒரே ஒரு தடவை குளத்தோட நீளத்துக்கு அப்படி நீந்திப் பார்த்தவங்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் முகத்துல துளி சிரமம் தெரியல, சிரிப்பு அப்படியே இருக்கு, கைவீச்சு ஒண்ணுகூட பாட்டோட தாளத்தை விட்டு விலகல. சுத்தி தண்ணி ஃபவுண்டனா பீச்சுது, நெருப்பு எரியுது, நம்ம கண்ணு என்னவோ அவங்க மேலதான் நிக்குது.

தலைமுடி கலையாம இருக்க பேபி ஆயிலையும் வாசலினையும் சூடாக்கிக் கலந்து பூசி இறுக்கிப் பின்னுவாங்களாம், தண்ணியில கரையாத மேக்கப் வேற. இதெல்லாம் கூட பரவாயில்ல, 1952ல வந்த 'மில்லியன் டாலர் மெர்மெய்ட்' படத்துக்கு தலையில உலோகக் கிரீடத்தோட உயரத்துல இருந்து குதிக்கும்போது கழுத்தெலும்பு உடைஞ்சு மாசக்கணக்கா மாவுக்கட்டுல கிடந்தாங்க. நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி அமைச்ச அந்த நீச்சல் காட்சிகளைப் பிரமாண்டம்னு எல்லாரும் பாராட்டுறோம், அந்தக் கழுத்தைப் பத்தி யாரும் எழுதுறதில்ல. அதுவும் ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மேன் வாழ்க்கையைச் சொன்ன படம், ஒரு வீராங்கனை கதையில இன்னொரு வீராங்கனை!

1984 லாஸ் ஏஞ்சலஸ்ல, பாட்டுக்கு ஏத்த மாதிரி நீந்துற ஒத்திசைவு நீச்சல் முதல் தடவையா ஒலிம்பிக்ஸ் பதக்கப் போட்டியா வந்தப்போ வர்ணனைக்கு உட்கார்ந்தவங்கள்ல எஸ்தரும் ஒருத்தர். 1940ல கிடைக்காத ஒலிம்பிக்ஸ், 44 வருஷம் கழிச்சு மைக் முன்னாடி.

அந்தத் தொடர் இன்னும் சில வாரம் வரும்னு போட்டிருந்தீங்க. அதுல ஒரு வாரம் வாட்டர் பாலேவுக்கு மட்டும்னு ஒதுக்குங்க சார். எஸ்தர் கூட நீந்தின அந்தப் பொண்ணுங்க யாரு, எப்படி பயிற்சி எடுத்தாங்க, தண்ணிக்கு அடியில கேமராவை எப்படி வச்சாங்கன்னு விசாரிச்சு எழுதச் சொல்லுங்க. படம் போடும்போது எஸ்தர் போஸ் கொடுக்குற போட்டோவைப் போடாம நீந்துற போட்டோவா பார்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
நீச்சல் தெரிஞ்ச ஒரு வாசகி