தலைப்பில் நிற்கும் எண்

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. அடுத்த பத்தியிலேயே மருமகனோடு சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சண்டை போட்டதையும் எழுதியிருந்தாய். ஆகவே உடம்பு முழுவதுமாகத் தேறிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். நாட்டின் வேலையின்மை நாற்பத்தைந்து ஆண்டுகளில் இல்லாத உயரத்தைத் தொட்டது என்று நீ சொல்ல, அது பாதியாக இறங்கி 3.2 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது என்று அவர் சொல்ல, இரண்டில் எது பொய் என்று நான் தீர்ப்புக் கூற வேண்டும் என்கிறாய். இரண்டுமே பொய்யில்லை. உன்னுடைய 6.1 விழுக்காடு 2017-18ஆம் ஆண்டுக்கு உரியது, அவருடைய 3.2 விழுக்காடு 2022-23க்கு உரியது. இரண்டும் மத்திய அரசு நடத்தும் ஒரே தொழிலாளர் ஆய்வுத் தொடரில் வந்தவை. நீங்கள் இருவரும் அந்த எண்களைச் சொல்லவைக்க விரும்பியதை அவை சொல்லவில்லை என்பதே என் குறை.

இதில் நான் பற்றற்ற நடுவன் அல்லன். முப்பது ஆண்டுகள் ஷெட்யூல் என்னும் ஆய்வு வினாத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவன். எண்ணைக் கையால் எடுத்தவனுக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் இருக்கத்தான் செய்யும். நீயோ அதே முப்பது ஆண்டுகள் நாளிதழில் தலைப்பு வைத்தவன். மூன்று பத்தி அகலத்துக்குள் அடங்காத சொற்களை வெட்டிவிடுவதுதான் உன் தொழில் என்று நீயே பெருமையோடு சொன்னதுண்டு. நாங்கள் அடிக்குறிப்பில் எழுதியதெல்லாம் அந்த வெட்டில்தான் போயிற்று என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்.

வேலையில்லாதவர் என்ற சொல்லுக்குத் தெருவில் ஒரு பொருள், ஷெட்யூலில் வேறொரு பொருள். அந்த விகிதத்தின் அடியில் நிற்பது மக்கள்தொகை அன்று. வேலை செய்பவர்களும் வேலைக்கு ஆயத்தமாக இருப்பவர்களும் சேர்ந்த தொகை மட்டுமே. மாணவரும், வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணும் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. கணக்குக்குள் வந்தவரிலும், ‘வழக்கமான நிலை’ என்னும் முறையில், ஓராண்டில் முப்பது நாள் துணைத் தொழிலாக ஏதாவது செய்திருந்தால் அவர் வேலையில் உள்ளவர். ‘நடப்பு வார நிலை’ என்னும் மற்றொரு முறையிலோ, கடந்த ஏழு நாள்களில் ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் போதும். இந்த வரையறைகள் ஏமாற்றுவதற்காக வகுக்கப்பட்டவை அல்ல. பல ஆண்டுகளை ஒப்பிட ஏதாவது ஓர் இடத்தில் கோடு கிழித்தாக வேண்டும். ஆனால் கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் மேடையில் முழங்கும்போது, கேட்பவர் தம் தெருவின் பொருளிலேயே அதைப் புரிந்துகொள்கிறார். முழங்குபவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஒரு தேநீர்க் கடை இன்னும் என் கண்முன் நிற்கிறது. கடைக்காரரின் மனைவி கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். “நீங்க என்னம்மா வேலை செய்றீங்க?” என்று கேட்டேன். “நான் சும்மாதான் சார் இருக்கேன்” என்றார், கை ஓயாமல். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்குக் குறியீடு 92. குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவருக்கு 21. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் அவர் 92. இன்னும் இரண்டு கேள்வி கேட்டதால் அவர் 21 ஆனார். அதாவது, நாட்டில் வேலையில் இருப்பவர்களுள் ஒருவராக ஆனார். ஒரு பைசா வருமானம் கூடவில்லை. மாறியது என் பேனா மட்டுந்தான்.

உன் மருமகனிடம் நான் சொல்ல விரும்புவது இதையே. 2017-18க்கும் 2022-23க்கும் இடையில் வேலையின்மை குறைந்தது உண்மை. அதே காலத்தில், வேலையில் உள்ளவர்களுள் குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவரின் பங்கு 13.6 விழுக்காட்டிலிருந்து 18.3 ஆக உயர்ந்தது. மாதச் சம்பளம் பெறுபவரின் பங்கு 22.8இலிருந்து 20.9 ஆகக் குறைந்தது. இவை ரகசியங்கள் அல்ல, 3.2 அச்சான அதே அறிக்கையிலேயே இருப்பவை. பெண்கள் முன்பும் உழைத்தார்கள், இப்போதுதான் எண்ணப்படுகிறார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வயலுக்கும் கடைக்கும் திரும்பினார்கள் என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கும் என்று நினைக்கிறேன். 3.2 என்று முழங்குபவர் இரண்டையுமே பேசுவதில்லை.

உன்னையும் விடுவதற்கில்லை. 6.1ஐ 2011-12இன் 2.2 விழுக்காட்டோடு நேருக்கு நேர் வைத்துத்தான் அந்த நாற்பத்தைந்து ஆண்டுக் கதை எழுந்தது. ஆனால் 6.1 கிடைத்த 2017-18இன் புதிய ஆய்வில் வீடுகளைத் தெரிந்தெடுக்கும் முறையே மாறியிருந்தது: வீட்டில் பத்தாம் வகுப்பு தேறியவர் எத்தனை பேர் என்பதை வைத்து வீடுகள் பிரிக்கப்பட்டன. படித்தவர்களிடையே வேலையின்மை கூடுதலாக இருக்கும் நாட்டில், ஒப்பீட்டுக்கு முன் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒப்பிடக் கூடாது என்று அரசு சொன்னதில் ஞாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஞாயம் உள்ளவர்கள் அறிக்கையை வெளியிட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாமே! தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் தந்த பிறகும் அதைப் பூட்டி வைத்தார்கள். 2019 ஜனவரியில் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனன், ஜே.வி. மீனாட்சி இருவரும் விலகினார்கள்; எண் நாளிதழில் கசிந்தது; தேர்தல் முடிந்து மே 31 அன்றுதான் அறிக்கை வெளிவந்தது. எண்ணைத் திரிப்பதைக் காட்டிலும் அதைத் தேர்தல் முடியும்வரை மேசை அறைக்குள் வைத்திருப்பது பெரிய முறைகேடு என்பது, வெயிலில் அலைந்து அதை எடுத்தவர்களின் இனத்தைச் சேர்ந்த என் கருத்து.

பதிவுக்கும் நடப்புக்கும் உள்ள இந்தக் குழப்பம் வேலைக் கணக்கோடு நிற்பதில்லை. 2012இல் நாட்டில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 24,923, 2013இல் 33,707. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு சட்டம் விரிந்தது, புகார் கொடுக்கும் துணிவும் பிறந்தது. அந்த உயர்வை அப்படியே குற்றத்தின் உயர்வாகப் படித்தவர்கள் எத்தனை பேர்! குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று இந்த எண்களை வெளியிடும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே பின்னாளில் தன் அறிக்கைகளில் அச்சிடத் தொடங்கியது. இருந்தும் ஆண்டுதோறும் மாநிலங்களை வரிசைப்படுத்தித் தொலைக்காட்சியில் சண்டை நடக்கிறது. புகாரை ஒழுங்காக எழுதிக்கொண்ட காவல் நிலையம் உள்ள மாநிலம் அதில் தலைகுனிகிறது.

2021 ஆகஸ்டில் பொருளாதாரம் 20.1 விழுக்காடு வளர்ந்தது என்று ஆரவாரம் எழுந்ததே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். அது ஏப்ரல்-ஜூன் காலாண்டின் கணக்கு; அந்தக் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு 32.38 லட்சம் கோடி ரூபாய். ஊரடங்கில் முடங்கிய முந்தைய ஆண்டில் 26.95, அதற்கும் முந்தைய 2019இல் 35.66. பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தவனை மலையேறியவன் என்று மாலை போட்டார்கள்.

உன் பேத்தி படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே மருமகனின் கடையில் கணக்கு எழுதுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்குச் சம்பளம் உண்டா? இல்லையென்றால், கடையில் அவள் உட்கார்ந்த நாள்கள் ஆண்டில் முப்பதைத் தொட்டதும் எங்கள் கணக்கில் அவள் 21, வேலையில் இருப்பவள். அடுத்த சண்டைக்கு முன் மருமகனிடமே கேட்டு, அவர் அவளை எந்தக் குறியீட்டில் வைக்கிறார் என்று எனக்கு எழுது. தை பிறந்ததும் நேரில் வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்