சம்பந்தி வீட்டு நார்வேக்காரர்கள்

மினியாபொலிஸ்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது என்று படித்து இரண்டு பேருக்கும் சந்தோஷம். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் என்ன செய்தாய் என்று கேட்டிருந்தாய். சம்பந்தி வீட்டு முன்னோர்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மருமகளின் அம்மா வழியில் எல்லாரும் நார்வேக்காரர்கள். இங்கிருந்து தெற்கே, குட்ஹியூ கவுண்டியில் நிலம் வாங்கிக் குடியேறியவர்கள். கொள்ளுத்தாத்தா சிறுபிள்ளையாகக் கப்பலேறி வந்தார், பூர்வீகம் சோக்ன் என்பதற்கு மேல் சம்பந்தியம்மாவுக்கு எதுவும் தெரியாது. சோக்ன் ஓர் ஊர் அல்ல. மேற்கு நார்வேயில் 200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் நுழையும் ஃபியோர்டு என்ற குறுகிய கடல்நீட்சியின் இரு கரைகளும் சேர்ந்த பெரிய வட்டாரம்.

யாரைக் கேட்டாலும், நியூயார்க்கில் கப்பலில் வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவின் பதிவுகளில் தேடு என்கிறார்கள். அது திறந்ததே 1892-ல். 1900-ஆம் ஆண்டு அமெரிக்க சென்சஸில் நாட்டுக்கு வந்த வருஷத்தையும் கேட்டு எழுதினார்கள்; கொள்ளுத்தாத்தாவுக்கு நேரே 1869 என்று இருந்தது. அந்தக் காலத்தில் நார்வேயின் பாய்மரக் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் கியூபெக்குக்குத்தான் போயின. கனடா போன்ற தன் காலனிகளின் சரக்கை ஏற்றப் பிற நாட்டுக் கப்பல்களைத் தடுத்த பழைய சட்டங்களைப் பிரிட்டன் 1849-ல் நீக்கியபின், போகும்போது ஆட்களையும் திரும்பும்போது மரத்தையும் ஏற்றி இரு வழியிலும் காசு பார்க்க முடிந்தது. இறங்கியவர்கள் அங்கிருந்து ரயிலும் ஏரிக் கப்பலுமாக மேற்கே வந்தார்கள். கியூபெக்கில் 1865-லிருந்துதான் பயணிகள் பட்டியல் உண்டு. இவர்கள் அதற்குப் பிறகு வந்ததால் நான் தப்பித்தேன்.

ஆனால் பெயர்தான் படுத்தியது. லார்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே லார்சன். அவர் மகன் ஹான்ஸோ ஹான்ஸ் ஓல்சன். அந்தக் காலத்தில் அங்கே நம் இனிஷியல் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இதோடு குடியிருக்கும் பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும், பண்ணை மாறினால் அதுவும் மாறும். அமெரிக்கா வந்தபின் அண்ணன் அப்பா பெயரையும் தம்பி பண்ணைப் பெயரையும் வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். 1825 தொடங்கி நூறு வருஷத்தில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். 1865-ல் அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 17 லட்சம்தான். இத்தனை பேரில் ஓலேக்கள் எத்தனை இருப்பார்கள், யோசித்துப் பார்.

வழி காட்டியது பெண்கள்தான். அப்போது அங்கே மனைவி கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பாவின் மகளாகவே பதிவானாள். இங்குள்ள லூத்தரன் சபையின் ஞானஸ்நானப் பதிவில், பாதிரியார் தாயின் பெயரையும் அப்படியே எழுதி வைத்திருந்தார். கணவன் பெயர், மனைவியின் அப்பா பெயர், மூத்த பையனின் வயது மூன்றும் பொருந்திய குடும்பம் ஒன்றே ஒன்று. நார்வே ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவேயில் இதையெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். அதற்காகவே அந்த நாட்டை எனக்குப் பிடித்துவிட்டது.

1865 டிசம்பர் 31 கணக்கெடுப்பில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். கொள்ளுத்தாத்தாவின் அப்பா அடுத்தவன் பண்ணையில் குடிசை போட்டு, அதற்கு ஈடாக உழைத்துக் கொடுக்கும் குடியானவர். அந்தக் கணக்கெடுப்பில் ஆடுமாடும் விதைப்பும்கூட உண்டு. பசு ஒன்று, செம்மறி ஆறு, நட்ட உருளைக்கிழங்கு ஒரு பீப்பாய். குதிரைக்கான கட்டம் காலி. கப்பல் பட்டியல் அவர்கள் எப்போது போனார்கள் என்று சொல்லும். ஏன் போனார்கள் என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரைவிட்டுப் போகிறவர்களைச் சர்ச் புத்தகத்தில் தனியாகக் குறிப்பார்கள். அதில் இவர்களுக்கு மூன்று குழந்தைகள், கடைசி பெண், கைக்குழந்தை. கியூபெக் பட்டியலிலும் மூன்று. மறுவருஷம், 1870 அமெரிக்க சென்சஸில் இரண்டே குழந்தைகள், அந்தப் பெண் இல்லை. சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அப்படி ஒரு பெண் குழந்தை இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார், அழுதுவிட்டார். அந்தக் காலத்தில் கியூபெக்குக்குக் கீழே ஆற்றில் குரோஸ் இல் என்ற தீவில்தான் கப்பல்களை நிறுத்தி நோய் பார்ப்பார்கள். அங்கே இறந்தவர்களின் பதிவுகள் இருக்கின்றன. அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறேன்.

ஒரு உதவி வேண்டும். சர்ச் புத்தகத்தில் அந்தக் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார் ஏதோ கிறுக்கியிருக்கிறார். பழைய கோதிக் கையெழுத்து, மையும் வெளிறிவிட்டது. மொழி உனக்குத் தெரியாதுதான். ஆனால் முப்பது வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸில் மங்கிப்போன பத்திரங்களைப் படித்தவன் நீ. அதே பக்கத்தில் அதே கை எழுதிய மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டு எது எந்த எழுத்து என்று பார்த்துச் சொல். படத்தை மெயிலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்