தண்ணீர் பாட்டிலில் வந்த கடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், வீட்டில் உப்புத்தண்ணீர் அக்வேரியம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் நடுவில் ஒரு வரி வந்தது: தொட்டியில் இருக்கும் பவளத் துண்டுகளையும் நட்சத்திர மீனையும் வெளிநாட்டுச் சுற்றுலா போனபோது கடலில் இறங்கி அவர்களே எடுத்து வந்தார்களாம். ஏதோ சாமர்த்தியம் போல அந்த வரியை எழுதிவிட்டு உங்கள் நிருபர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. எனக்கு அந்தத் தகுதியும் கிடையாது, ஏனென்றால் அதே வேலையைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

பத்து வருடத்துக்கு முன்னால் என் மச்சான் தாய்லாந்து போனான். கிளம்பும்போது நான்தான் சொன்னேன், "ஏதாவது சின்னதா கிடைச்சா எடுத்துட்டு வாடா" என்று. அவனும் மறக்காமல் கொண்டுவந்தான். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, துண்டில் சுற்றி, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே. ஒன்றில் விரல் நீளத்துக்கு இரண்டு டாம்சல் மீன். இன்னொன்றில் ஒரு கைப்பிடிக் கல், அதில் ஒட்டியிருந்த கடல் சாமந்தி (பூ மாதிரி இருக்கும் ஒரு கடல் உயிர், நாங்கள் அனிமோன் என்றுதான் சொல்வோம்), அப்புறம் ஒரு துறவி நண்டு. கடற்கரையில் பிடித்ததிலிருந்து பெரம்பூரில் என் வீட்டுக் கூடத்தில் மூடியைத் திறக்கும் வரை பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. திறந்ததும் வந்த வாடையை எப்படிச் சொல்வது, காசிமேட்டில் சாயங்காலம் வரை விற்காமல் கிடந்த மீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மீன் செத்து மிதந்தது. இன்னொன்று உயிரோடுதான் இருந்தது. விவரம் தெரிந்தவன் என்ற நினைப்பில் அந்த மீனையும் அதன் தண்ணீரையும் ஒரு வாளியில் ஊற்றி, தொட்டித் தண்ணீரை மெல்லிய டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கினேன், ஒன்றரை மணி நேரம். மீன் என் கண் முன்னாலேயே வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்தது. நான் அவ்வளவு பொறுமையாகச் செய்ததுதான் அதைக் கொன்றது என்பது பிறகுதான் தெரிந்தது. மூடிய பாட்டிலுக்குள் மீன் விடும் கரியமில வாயு தேங்கித் தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) இறங்கிவிடும், அந்த நிலையில் மீனின் கழிவில் இருக்கும் அமோனியா பெரும்பாலும் அவ்வளவு விஷமில்லாத அமோனியமாகத்தான் இருக்கும். மூடியைத் திறந்ததும் வாயு வெளியே போய் பிஎச் ஏறும், அமோனியம் நிமிடக் கணக்கில் விஷ அமோனியாவாக மாறும். அதிலேயே ஒன்றரை மணி நேரம் ஊறப்போட்டால் என்ன ஆகும்? ஏற்றுமதி செய்கிறவர்கள் அனுப்புவதற்கு முன்னால் மீனைப் பட்டினி போட்டு, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனுமாக நிரப்பி, தெர்மாகோல் பெட்டியில் அடைப்பதெல்லாம் இதற்காகத்தான். மச்சானின் பாட்டிலில் வாய் வரைக்கும் தண்ணீர்.

சாமந்தி இரண்டாம் நாள் வாயைப் பிளந்துகொண்டு கரைந்தது. காலையில் எழுந்து பார்த்தால் மூன்றடி டேங்க் முழுக்கச் சாதம் வடித்த கஞ்சி மாதிரி இருந்தது. என் கோமாளி மீன் ஜோடியில் ஒன்று அன்றைக்கே போய்விட்டது. பத்து நாள் கழித்து மிச்சம் இருந்த மீன்கள் மேலெல்லாம் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி, அந்தக் கல்லோடு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய பல மாதங்களாக நான் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அதற்கு மருந்து செம்பு, ஆனால் செம்பு விட்டால் நண்டு, இறால், பவளம் எல்லாம் போய்விடும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுக்க வேண்டும், பெரிய தொட்டியை மீனே இல்லாமல் வாரக்கணக்கில் சும்மா ஓடவிட வேண்டும். ஐந்து வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த தொட்டி, கோவளத்திலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் சுமந்து ஆரம்பித்தது. சரி, அதைச் சொல்லி அழ இப்போது நேரமில்லை.

"எடுத்தது ரெண்டே ரெண்டு, கடலுக்கு என்ன குறைஞ்சுது? கடையில் விற்பது மட்டும் எங்கிருந்து வருதாம்?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கொளத்தூரில் தொட்டி தொட்டியாகப் பார்க்கும் நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பகுதி வளர்ப்பு மீன். உப்புத்தண்ணீர் மீன் கதை தலைகீழ், உலகச் சந்தையில் அதில் மிகப் பெரும்பகுதி இன்னமும் கடலில் பிடித்ததுதான். பவள இடுக்குகளில் சயனைடு பீய்ச்சி, மயங்கி வெளியே வரும் மீனைப் பொறுக்கும் பழக்கம் 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி, பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது. மீன் பிழைத்தாலும் அந்த இடத்துப் பவளம் பிழைக்காது. அதனால் கடையில் வாங்கினால் புண்ணியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முறையாக வலை போட்டுப் பிடித்து அதை வைத்தே குடும்பம் நடத்தும் மீனவருக்கு, நாளைக்கும் அந்தத் திட்டில் மீன் இருக்க வேண்டும் என்ற கவலை உண்டு, எந்த மீன் தொட்டியில் வாழும் என்றும் தெரியும். மூன்று நாள் டூரில் முட்டளவு தண்ணீரில் நிற்கும் நமக்கு இரண்டும் கிடையாது. மாண்டரின் என்று ஒரு மீன் இருக்கிறது, பட்டுப்புடவை பார்டர் மாதிரி நிறம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத கோபிபாட் பூச்சிகளை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் விட்டால் எத்தனை வகைத் தீனி போட்டாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காமல் பட்டினி கிடந்தே சாகும். பார்த்ததும் ஆசைப்பட்டு எடுக்கத் தோன்றுவதும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அடுத்த மாதம் மாலத்தீவு கிளம்பும் யாராவது பெட்டியில் பாட்டில் வைப்பார்கள். கல் பவளங்கள் எல்லாமே, கடல் குதிரை, ஜயன்ட் கிளாம் எனப்படும் பெரிய சிப்பி, மூன்றும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் இருப்பவை. இந்தியா 1976லிருந்து அதில் உறுப்பு நாடு. எடுத்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது, செத்துப்போன வெள்ளைப் பவளத் துண்டுக்கும் இதேதான். மாலத்தீவிலிருந்து பவளத்தை வெளியே கொண்டுபோகவே தடை. இந்தியாவில் கல் பவளமும் கடல் குதிரையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி யானையோடு ஒரே வரிசையில் சேர்க்கப்பட்டன. அந்த அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. பட்டியலில் இல்லாத சாதாரண மீன் என்றாலும் உயிரோடு உள்ளே கொண்டுவர மீன்வளத் துறையின் முன் அனுமதி வேண்டும், அந்த நாட்டின் உடல்நலச் சான்றிதழ் வேண்டும், வந்த பிறகு தனிமைப்படுத்தி வைக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் பாம்பும் ஆமையும் பிடிபட்ட செய்தியை நீங்களே எத்தனை தடவை போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்ளும் நாம்தான் நண்டு பாட்டிலைத் துண்டில் சுற்றுகிறோம். கெடுபிடி அதிகம் என்று எங்கள் ஆட்களே புலம்புவதுண்டு, நானும் புலம்பியிருக்கிறேன். ரவை தூவிய மீன்களைப் பார்த்த பிறகு, தனிமைப்படுத்தல் எதற்கு என்று நான் கேட்பதில்லை.

அந்த நண்டு மட்டும் பிழைத்தது. "பாவம், பெசன்ட் நகர் பீச்சில் விட்டுடுங்க" என்றாள் என் மனைவி. எனக்கும் அது நல்ல காரியமாகவே தெரிந்தது. டப்பாவில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டு, முதலில் உப்பு வாங்கலாம் என்று கொளத்தூரில் எனக்குத் தெரிந்த கடையில் நின்றேன். கடைக்காரப் பெரியவர் டப்பாவைப் பார்த்தார், விசாரித்தார், அப்புறம் என்னைப் பார்த்து, "டேங்க் கிளீனரையும் இப்படித்தான் தம்பி பாவம்னு ஏரியில் விட்டாங்க" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. நம் ஏரிகளில் வலை போட்டால், தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கும் அந்த முள் ஓட்டு மீன் வந்து வலையைக் கிழிப்பது இங்கே யாருக்குத்தான் தெரியாது. கடலிலும் இதே கதைதான். நம் பக்கத்துக் கடலில் வாழும் சிங்க மீன் 1985இல் ஃபுளோரிடா கரையில் தென்பட்டது. யாரோ தொட்டியிலிருந்து விட்டது என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள். ஒரு பெண் மீன் வருடத்துக்கு 20 லட்சம் முட்டை வரை போடும். இன்றைக்கு கரீபியன் முழுக்க அது பவளத் திட்டுகளின் குஞ்சு மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் காக்கா ஆழி படிந்து இறால் பிடிக்கும் இடமெல்லாம் போய்விட்டது என்று மீனவர்கள் புலம்புகிறார்களே. அது தென் அமெரிக்கச் சிப்பி, கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றும் அடித்தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். கப்பலில் வந்தால் என்ன, பாட்டிலில் வந்தால் என்ன.

நண்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். ஃபில்டர் தொட்டியில் அது இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. வளர வளர ஓடு போதாமல் தவித்தது, மெரினாவில் சங்கு விற்கும் கடையில் நாலு அளவில் ஓடு வாங்கிவந்து போட்டேன். நாலையும் கொடுக்கால் உருட்டி, உள்ளே விட்டு அளந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ராத்திரி அதிலேயே மிக அசிங்கமான ஓட்டுக்குள் குடிபோனது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை யார் வீட்டுத் தொட்டியைப் பற்றி எழுதினாலும் மீனின் விலையைக் கேட்பதுபோல, அது எங்கே பொரித்தது, யார் பிடித்தது என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கும் இடத்தில் தங்கத்தைப் பற்றி எச்சரிப்பதுபோல இதற்கும் தமிழில் ஒரு பலகை வைக்கலாம், பத்திரிகை எழுதினால் ஒருவேளை காதில் விழும். கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் வித்தையை மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் எப்போதோ சாதித்துவிட்டார்கள், பரங்கிப்பேட்டையிலும் செய்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் போட்டால் எங்களைப் போன்றவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வோம். இப்போது என் தொட்டியில் ஓடுவது அப்படிப் பொரித்த ஒரு ஜோடிதான். நிருபர் பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம், மின்வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11