ஆண்டறிக்கை 2024–25: வீட்டுக் கூடத்தில் பார்த்த சண்டைக் கலைப் படங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் மற்றும் செயற்குழு நண்பர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு முழுக்கத் தற்காப்புக் கலைப் படங்களையே பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். ஆண்டு தொடங்கிய கையோடு, நாம் வழக்கமாகக் கூடும் மண்டபத்தில் மராமத்து வேலை ஆரம்பித்துவிட்டது. வேறு இடம் வாடகைக்குப் பிடிக்கச் சங்க நிதி இடம் கொடுக்கவில்லை. ஆகவே படங்களை அவரவர் வீட்டிலேயே, அக்கம்பக்கத்து உறுப்பினர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்வது, மாதம் ஒருமுறை தலைவர் வீட்டு மாடியில் கூடிக் கருத்துச் சொல்வது என்று செயற்குழு முடிவு செய்தது. இப்போது மண்டபம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் இந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட மனமில்லை. வீட்டில் என்றால் படத்தை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், ஒரே உதையை வேண்டுமட்டும் திரும்பப் பார்க்கலாம். சண்டைப் படத்தைக் கற்றுக்கொள்ளும் நோக்கோடு பார்ப்பவருக்கு இது பெரிய வசதி.

இரங்கல்

நடிகை செங் பெய்-பெய் அம்மையார் 2024 ஜூலை 17 அன்று தமது 78ஆம் வயதில் காலமானார். அடுத்து நடந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். 1966ல் கிங் ஹூ இயக்கத்தில் வந்த 'கம் ட்ரிங்க் வித் மீ' படத்தில், ஆண் உடையில் சத்திரத்துக்குள் நுழையும் 'தங்கக் குருவி' என்ற வீராங்கனையாக அவர் நடித்தபோது வயது இருபதுதான். சண்டை பயின்றவர் அல்லர், பாலே நடனம் பயின்றவர். அந்தச் சத்திரக் காட்சியை அன்று எல்லோரும் மறுபடி பார்த்தோம். சுற்றிலும் கொள்ளைக் கூட்டம். அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். சீன இசைநாடகத்தின் தாளக் கட்டை ஒலி இடையிடையே விழுகிறது. யாரும் வாளை உருவுவதற்கு முன்பே நமக்கு நெஞ்சு படபடக்கிறது. 2000ல் ஆங் லீயின் 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் ஜேட் ஃபாக்ஸ் என்ற வில்லியாக வந்தவரும் இவரே என்று சொன்னபோது, இளைய உறுப்பினர்கள் பலருக்கு அது புதுச் செய்தி. பெண்களைச் சண்டைப் படத்தின் நடுவில் நிறுத்தியவர்களில் முதல் வரிசையில் வைத்து நாம் வணங்க வேண்டியவர் அவர்.

காலைக் காட்டு

ஆண்டு முழுவதும் நடந்த பேச்சுகளில் மிகப் பயனுள்ளது எது என்று என்னைக் கேட்டால், சிலம்பம் கற்றுத்தரும் நம் உறுப்பினர் சொன்ன ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வேன்: "கையைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க. கேமராக்காரன் காலைக் காட்டலேன்னா அவன் எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்." சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுக்கும் முன்பே காலடி வரிசையைத்தான் பழக்குவார்கள் என்பதால் அவருக்கு இது இயல்பாக வந்தது. எங்களுக்கு அது அளவுகோலாகவே ஆகிவிட்டது.

அந்த அளவுகோலை முதலில் புரூஸ் லீயிடம் வைத்துப் பார்த்தோம். அவரே எழுதி இயக்கிய 'தி வே ஆஃப் தி டிராகன்' 1972ல் வந்தது. ரோம் நகரத்துக் கொலோசியத்தில் சக் நாரிஸோடு மோதும் காட்சி எல்லோருக்கும் தெரியும். ஆனால் எத்தனை பேர் அதில் காலைப் பார்த்திருக்கிறோம்? தொடக்கத்தில் இருவரும் தனித்தனியாக நின்று உடம்பைச் சூடேற்றுகிறார்கள். அவசரமே இல்லை. சண்டை தொடங்கியதும் லீ ஊன்றி நின்று மோதுகிறார், அடி வாங்குகிறார், விழுகிறார். எழுந்தவர் ஆட்டத்தையே மாற்றுகிறார். குதிகால் தரையில் படாமல் துள்ள ஆரம்பிக்கிறார். எதிராளியின் கால் அவரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. அந்த இடத்திலிருந்து சண்டையின் போக்கே திரும்பிவிடுகிறது. இவ்வளவும் தலை முதல் கால் வரை ஒரே சட்டத்துக்குள் (ஃப்ரேம்) தெரிகிறது. 1958ல் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் பட்டம் வென்றவர் அவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். வென்ற பிறகு, இறந்து கிடக்கும் எதிராளியின் மேல் அவனுடைய சட்டையையும் இடுப்புப் பட்டையையும் மரியாதையாகப் போர்த்திவிட்டுப் போகிறார். எங்கள் தெரு வீட்டில் அந்த இடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

ஆண்டின் சிறந்த படமாகப் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுத்தது லவ் கர்-லியுங் இயக்கிய 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாலின்' (1978). எனக்கும் அதுவே. பழிவாங்கும் கதைதான். ஆனால் படத்தின் நடுப்பகுதி பூராவும் ஷாலின் என்ற சீனப் பௌத்த மடத்தின் கூடங்களில் நடக்கும் பயிற்சி. கோர்டன் லியு நடித்த சான் தே, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமந்து ஏற வேண்டும். மேற்கையின் அடியில் கத்தி கட்டியிருக்கிறது. கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். அடுத்த கூடத்தில் நீளமான கழியின் நுனியில் கனத்த சுத்தியலை வைத்துக்கொண்டு, மணிக்கட்டு பலத்தால் மட்டும் மணியை அடிக்க வேண்டும். துறவி தட்டும் தாளம் தவறக் கூடாது. மணிக்கட்டு நடுங்குவது திரையில் தெளிவாகத் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருந்த நம் சிலம்ப ஆசிரியரின் மாணவன் ஒருவன் தன்னையறியாமல் தன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

இந்த இயக்குநருக்கு அது கைவந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய தந்தை லவ் சாம், லாம் சாய்-விங்கின் மாணவர். லாம் சாய்-விங், புகழ்பெற்ற சீனத் தற்காப்புக் கலை ஆசான் வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர். அந்தக் குருபரம்பரையில் வந்தவர், தான் கற்ற கலையைப் படமாக எடுத்தார். முப்பத்தைந்து கூடங்களையும் கடந்தவனுக்கு, எந்தக் கூடத்துக்கு வேண்டுமானாலும் தலைமை ஏற்கலாம் என்று சொல்லும்போது, மடத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண ஜனங்களுக்குக் கற்றுக்கொடுக்க முப்பத்தாறாவது கூடம் ஒன்று வேண்டும் என்று அவன் கேட்கிறான். வித்தை பூட்டி வைக்கப்படக் கூடாது என்ற எண்ணம்தான் படத்தின் உயிர்.

ஜாக்கி சான் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் பார்த்தே நம்மில் பாதிப் பேர் வளர்ந்தோம். 1978ன் 'ட்ரங்கன் மாஸ்டர்', 1985ன் 'போலீஸ் ஸ்டோரி' இரண்டும் இந்த முறையும் குழந்தைகளைக் கட்டிப்போட்டன.

திரையும் ஒலியும்

வீட்டில் பார்ப்பவர்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள் இந்த ஆண்டு தெரியவந்தன. எல்லோரும் கவனிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, படத்தின் அகலம். ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் பட நிறுவனத்தின் அந்தக் காலப் படங்கள் 2.35க்கு 1 என்ற அகலச் சட்டத்தில் எடுக்கப்பட்டவை. பழைய வீடியோ கேசட்டிலும் மலிவு விசிடியிலும் அவற்றை 4:3 சட்டத்துக்கு வெட்டி அடைத்தார்கள். கணக்குப் போட்டால் படத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. மூத்த உறுப்பினர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்த விசிடியையும், சீரமைக்கப்பட்ட ப்ளூ-ரே தட்டையும் ஒரே காட்சிக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். விசிடியில் ஒருவர் காற்றை வெட்டுகிறார், எங்கிருந்தோ ஒரு வாள் நுனி மட்டும் நுழைகிறது. ப்ளூ-ரேயில் சட்டத்தின் இரு ஓரத்திலும் இருவர் நிற்கிறார்கள், நடுவே உள்ள வெற்றிடம்தான் அந்தச் சண்டையே. இந்தப் படங்களைக் கோமாளித்தனம் என்று இத்தனை வருடம் ஒதுக்கியவர்கள் பலர் பார்த்தது அந்த வெட்டுப்பட்ட வடிவத்தைத்தான். அவர்கள் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, புதுத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் வரும் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதி. வினாடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்துக்கு இடையில் இல்லாத சட்டங்களைப் பெட்டியே உற்பத்தி செய்து செருகிவிடுகிறது. உதையின் வேகம் வழவழப்பாகிப் படம் மெகா சீரியல் போல் ஆகிவிடும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதை வையுங்கள், போதும்.

மூன்றாவது, குரல். உதடு ஒன்று சொல்ல ஒலி ஒன்று சொல்கிறது என்று டப்பிங்கைக் குறை கூறுவார்கள். அந்தக் கால ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஒலியில்லாமல் எடுக்கப்பட்டு, பின்னர் குரல் சேர்க்கப்பட்டவை. மூல மொழியிலும் அது டப்பிங்தான். புரூஸ் லீயின் முதல் ஹாங்காங் படங்களில் வசனம் பேசும் குரல்கூட வேறொருவருடையது. ஆகவே தமிழ்க் குரலில் பார்ப்பவர்களைக் கீழாகப் பேச வேண்டாம். வசனத்தை வாசிக்கும் சிரமம் இல்லாமல் கண் முழுதும் சண்டையில் இருக்கும் என்று பாட்டிமார் இருவர் சொன்னதை நான் ஏற்கிறேன்.

கயிறு வேண்டுமா, வேண்டாமா

அக்டோபர் கூட்டம் சூடாகவே நடந்தது. தாய்லாந்தின் 'ஓங்-பாக்' (2003), இந்தோனேசியாவின் 'தி ரெய்ட்' (2011) வழியாக இந்தப் பக்கம் வந்த இளைஞர்களுக்கு, 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் நடிகர்கள் கயிற்றில் தொங்கியபடி மூங்கில் உச்சியில் நின்று வாள் வீசுவது ஏற்கவில்லை. 'ஓங்-பாக்' நாயகன் டோனி ஜா கயிறும் கிராபிக்ஸும் இல்லாமல் பாய்கிறார், 'தி ரெய்ட்' நாயகன் இகோ உவாய்ஸ் இந்தோனேசியத் தற்காப்புக் கலையான சிலாட்டின் அடியை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்று அடிக்கிறார், அதுவல்லவா உண்மை என்றார்கள். என் கருத்தை அன்றே சொன்னேன், இங்கும் பதிவு செய்கிறேன். கயிற்றில் பறப்பது ஏமாற்று வேலை கிடையாது. உடம்பை இலகுவாக்கிக் காற்றில் நடக்கும் வீரர்கள் சீனக் கதை மரபில் காலங்காலமாக இருப்பவர்கள். நம் கதைகளில் அனுமன் கடல் தாண்டும்போது நாம் தூரத்தை அளக்கிறோமா? அந்த மூங்கில் காட்சி சீனாவின் செஜியாங் மாகாணத்து அஞ்சி காட்டில், நடிகர்களை உண்மையிலேயே உயரத்தில் தொங்கவிட்டு எடுக்கப்பட்டது. மூங்கில் வளைவதும் நிமிர்வதும்தான் அங்கே காலடி. படம் நான்கு ஆஸ்கர் வாங்கியதற்காக இதைச் சொல்லவில்லை. மீண்டும் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அண்மையில் வீட்டில் பார்த்தவற்றில் இரண்டைக் குறிப்பிடுகிறேன். சோய் செங் இயக்கிய 'ட்விலைட் ஆஃப் தி வாரியர்ஸ்: வால்டு இன்' (2024), ஹாங்காங்கில் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்து, 1990களில் இடிக்கப்பட்ட கவுலூன் மதில் நகரத்தை அரங்கமாகக் கட்டி எழுப்பியிருக்கிறது. தொங்கும் மின்கம்பிகள், சொட்டும் குழாய்கள், ஆள் ஒருக்களித்து நுழையும் சந்துகள். நடிகர் லூயிஸ் கூ படத்தில் நடத்தும் முடிதிருத்தும் கடையும், அங்கே கிடைக்கும் ஒரு தட்டு வறுத்த பன்றியிறைச்சிச் சோறும் சண்டையளவுக்கு மனதில் நிற்கின்றன. எழுபது தாண்டிய மூத்த சண்டை நடிகர் சாம்மோ ஹுங் இன்னும் அடிக்கிறார். அடி படாத வரம் பெற்றவனாக வில்லன் மாறும் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. வலி இல்லாதவனோடு நடக்கும் சண்டையில் பதற்றம் எங்கிருந்து வரும்?

மற்றொன்று 2024 ஜூலையில் வெளியான இந்திப் படம் 'கில்'. ரயில் பெட்டியின் நடைபாதை அகலமே சண்டையின் அகலம். ஏறக்குறைய பாதிப் படம் ஓடிய பிறகுதான் தலைப்பே திரையில் வருகிறது, அதற்குமுன் இருந்த கதாநாயகனும் அதற்குப் பின் வருபவனும் ஒருவரல்லர். நடுங்க வைக்கும் படம். ரத்தம் அதிகம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

போதிதர்மர் பற்றிய விவாதத்தையும் விட்டுவிட முடியாது. '7ஆம் அறிவு' (2011) வந்த நாளிலிருந்து, ஷாலின் சண்டைக் கலையைக் காஞ்சியிலிருந்து போனவர்தான் கற்றுத் தந்தார் என்று நம்மில் பலர் உறுதியாகச் சொல்கிறோம். அவர் தென்னிந்தியர் என்ற மரபு சீனாவிலேயே பழமையானது, அதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் சண்டைப் பயிற்சியை அவரோடு சேர்க்கும் எழுத்து 17ஆம் நூற்றாண்டுக்கு முன் கிடைக்கவில்லை என்பதே வரலாற்றாய்வாளர்களின் முடிவு. நம் மண்ணின் சிலம்பமும் அடிமுறையும் இன்றும் கண்ணெதிரே உயிரோடு இருக்கின்றன. அவற்றைத் தலை முதல் கால் வரை காட்டும் ஒரு முழுநீளத் தமிழ்ப் படம் வேண்டும் என்ற தீர்மானம் அன்று ஒருமனதாக நிறைவேறியது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். வாடகை இல்லாததால் மிச்சமான தொகையில் சங்க நூலகத்துக்குச் சீரமைத்த ப்ளூ-ரே தட்டுகள் வாங்கினோம். ஓடிடி தளம் ஒன்றில் நாங்கள் பட்டியலிட்ட படங்கள் ஆண்டின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கப்பட்டதால், தட்டாக வாங்கி வைப்பதே நல்லது என்பது செயற்குழுவின் கருத்து. எடுத்துச் செல்பவர்கள் இரு வாரத்தில் திருப்பித் தரவும்.

வரும் ஆண்டில் கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஜென்' படத்தை மண்டபத்திலேயே, முழு மூன்று மணி நேரமும் இடைவெளியோடு பார்க்கத் திட்டம். 1975ல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான பரிசு பெற்ற படம் அது. முதல் வாள் வீச்சு வரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், பொறுமையோடு வரவேண்டும். மற்ற மாதங்களில் வீட்டுக் கூடல் தொடரும். இடம் தர விரும்புபவர்கள் இன்றே துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

வீட்டைத் திறந்து வைத்து, சுண்டலும் காபியும் கொடுத்து, இரவு வெகுநேரம் எங்கள் வாக்குவாதத்தைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தார் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.
செயலாளர்